மருந்துக்கு அஞ்சாத புழுவும் எங்கள் கத்தரிக் கொல்லையும்

மருந்துத் தூள் தூவிய மறுநாள் காலையிலும் புழு உயிரோடு இருந்தது.

வாடித் தொங்கிய ஒரு கத்தரிக் குருத்தைக் கிள்ளி நகத்தால் பிளந்து பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பாக, கொழுகொழுவென்று, ஒரு குறையும் இல்லாமல் நெளிந்தது. தண்டுக்குள் இருந்ததால் தப்பியிருக்கும் என்று நினைத்து, அதை எடுத்து டிடிடி தூளிலேயே போட்டுக் குச்சியால் புரட்டிவிட்டேன். மதியச் சோறு ஆக்கி முடித்து வந்து பார்த்தபோது, தூளின்மேல் மெல்லிய கோடு மட்டும் இருந்தது. புழு அதைக் கடந்து செடி அடிக்குப் போயிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, சின்னதாக ஒரு மகள் இருந்தாள். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே பால்வாளி தூக்கி, கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு வந்தவள். என் கணவர் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் வேலை பார்த்தார். விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இனி ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகமாட்டேன் என்று அவரிடம் கல்யாணமான வாரமே சொல்லிவிட்டேன். "சரி, பின்னே என்ன செய்யப் போற?" என்று கேட்டார். கொல்லை போடுவேன் என்றேன்.

காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டுக்குப் பின்னால் ஓடை வரைக்கும் நல்ல மண். அது பக்கத்து வீட்டு அக்காவின் நிலம். அவர் மலாக்கா செட்டிக் குடும்பம். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தியிருப்பார், நெற்றியில் திருநீறு இருக்கும், அம்மன் கோயிலில் எல்லோருக்கும் முன்னால் நிற்பார். ஆனால் தமிழ் வராது. அர்ச்சனை, பொங்கல், அபிஷேகம் என்று சில சொற்கள் வரும். மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய். என்னை "ஆடேக்" என்று கூப்பிடுவார். தங்கச்சி என்று அர்த்தம். ஓடையோரத்தில் ஆறேழு குடும்பங்கள் அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரி போட்டிருந்தோம். கத்தரி அந்த மண்ணுக்கு அப்படி வரும். நீள ஊதாக் காய், பசாருக்குக் கொண்டுபோனால் கூடையை இறக்குவதற்குள் கேட்டு வருவார்கள்.

தூள் முதன்முதலில் வந்தபோது நாங்கள் அதைக் கொண்டாடினோம். அதற்கு முன்னால் சாம்பல் தூவுவோம், புகையிலைத் தண்ணீர் தெளிப்போம், பாதிக் காய் சொத்தையாகத்தான் போகும். தூள் போட்ட முதல் பருவத்தில் அந்துப்பூச்சியே கண்ணில் படவில்லை. அடுத்த பருவத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. அதற்கடுத்ததில் வாரம் தவறாமல். பிறகு வாரத்தில் இரண்டு தடவை. இப்படித்தான் மெல்ல மெல்ல ஏறியது, ஏறுவதே தெரியாமல். இப்போது புழு தூளுக்குள் நடந்து போகிறது.

"கடைக்காரன் சுண்ணாம்பைக் கலந்து கொடுத்திருப்பான்," என்றார் என் கணவர்.

"மூடி ஒடைக்காத டின்னுங்க. நானே ஒடச்சேன்."

"அப்ப உள்ளேயே பழைய சரக்கா இருக்கும். விடு. பயித்தங்காய் போடு."

விட எனக்கு மனம் இல்லை. தூளில் குறையா, புழுவில் மாற்றமா என்று தெரிந்துகொள்ளாமல் நான் எதையும் போடப்போவதில்லை.

அந்த நாட்களில் விவசாய இலாகாவிலிருந்து ஓர் இளம் மலாய் அதிகாரி மோட்டார் சைக்கிளில் ஓடைப் பக்கம் வந்து போவார். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். அவர்கள் நாற்காலிகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். இவரும் புதிதாக வந்தவர்தான். என்னைவிட வயதில் சிறியவர், ஆனாலும் மலாய்க்காரர்கள் தமிழ்ப் பெண்களைக் கூப்பிடும் வழக்கப்படி என்னைத் "தங்காச்சி" என்றுதான் அழைப்பார். நான் அவரை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இறங்கி வந்து குருத்தைப் பிளந்து பார்த்தார்.

"தூளின் வாடையே படாத இடத்துப் புழு கிடைக்குமா, தங்காச்சி?" என்று கேட்டார். "அதே டின் தூளில் இரண்டையும் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்."

செட்டி அக்காவின் தங்கை உஜோங் பாசிரில் இருந்தார். கடலோர வீடு, பின்னால் சமையலுக்கென்று சில கத்தரிச் செடிகள். பூச்சிமருந்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத செடிகள். மறுநாளே பஸ் ஏறினேன். சொத்தைக் காய்களாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு கூடை நிறையக் கொண்டு வந்தேன். பஸ் கண்டக்டர் ஒரு தமிழர். கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நல்ல காய் கிடைக்கலியா? சொத்தையாப் பொறுக்கிட்டுப் போறீங்களே!" என்றார். "இதுதாங்க எனக்கு வேணும்," என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

இரண்டு பால்மாவு டின்கள். ஒரே தூள், ஒரே அளவு. ஒன்றில் உஜோங் பாசிர்ப் புழு, இன்னொன்றில் எங்கள் புழு. அதிகாரி சாயங்காலம் திரும்பி வந்தபோது அக்காவும் வந்து குனிந்து பார்த்தார். உஜோங் பாசிர்ப் புழுக்கள் சுருண்டு கறுத்துக் கிடந்தன. எங்களுடையவற்றில் ஒன்றிரண்டு மட்டும் செத்திருந்தன. மற்றவை டின்னின் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தன.

"ஆண்டவனே," என்றார் அக்கா. "இதுகளை நாம்தான் வளர்த்துவிட்டோமா?"

அதிகாரி தலையசைத்தார். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நூறு புழுவில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே உடம்பு வாகு வேறு மாதிரி. தூள் அதைக் கொல்லாது. மற்றதெல்லாம் செத்துப்போனால் மிஞ்சுவது அந்த ஒன்றிரண்டுதான். அதுவும் அதுவும் சேர்ந்து முட்டையிட்டால் பிள்ளைகளும் அதே வாகு. நாம் வாராவாரம் தூவத் தூவ, சாதுவான புழுக்களையெல்லாம் அழித்து, முரடனுக்கு வீட்டைக் காலி செய்து கொடுத்திருக்கிறோம். இனி எவ்வளவு கொட்டினாலும் முரடன்தான் பெருகுவான்.

"இதுக்கு வழி?" என்றேன்.

"நிச்சயமாகத் தெரியாது," என்றார். அதை மறைக்காமல் சொன்னதற்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. "தூளை நிறுத்த வேண்டும். வாடின குருத்தையெல்லாம் வெட்டி எரிக்க வேண்டும், விழுந்த காயை ஆழப் புதைக்க வேண்டும். வெளியிலிருந்து சாதுப் புழுவின் அந்துப்பூச்சிகள் வந்து கலந்தால், நாளாவட்டத்தில் முரட்டு வாகு குறையலாம் என்று படித்திருக்கிறேன். ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் பிரயோசனம் இல்லை. பூச்சிக்கு வேலி ஏது?"

பூச்சிக்கு வேலி ஏது என்ற அந்தக் கேள்விதான் அடுத்த ஒன்றரை வருடம் என்னைப் பிடித்து ஆட்டியது.

குழாயடியில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்களிடம் முதலில் பேசினேன். பிறகு அவர்கள் புருஷன்மார்களிடம். என் கையில் அந்த இரண்டு டின்களும் இருந்தன. வாயால் சொல்வதைவிட டின்னைத் திறந்து காட்டுவதுதான் வேலை செய்தது. அக்கா நிலத்துக்காரர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. "தூள் போடுகிறவர்களுக்குக் குத்தகை இல்லை என்று சொல்லிவிடட்டுமா?" என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். பயத்தில் நிறுத்துகிறவர்கள் நம் கண் மறைந்ததும் தூவுவார்கள். விருப்பத்தோடு நிறுத்த வேண்டும். ஒவ்வொருவராக வந்தார்கள், ஒருவரைத் தவிர.

அவர்தான் அப்பெக். வயதான சீன ஆண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஓடைக்கு மேற்கே, அக்கரையில், எல்லோரைக் காட்டிலும் பெரிய கொல்லை அவருடையது. அவரும் அவர் மனைவியும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்த்தால் நமக்கே கை துறுதுறுக்கும். ஒரு களை இருக்காது, ஒரு பாத்தி கோணலாக இருக்காது. அப்படிப்பட்ட உழைப்பாளியிடம் போய் உன் முறை தப்பு என்று எப்படிச் சொல்வது? டின்னைக் காட்டினேன். பார்த்தார். மூடிக் கையில் கொடுத்தார்.

"நீ தூளை நிறுத்தினால் உன் கொல்லைப் புழு எல்லாம் பூச்சியாகி என் கொல்லைக்கு வரும், ஆச்சி," என்றார், சந்தையில் எல்லோரும் பேசுகிற மலாயில். தமிழ்ப் பெண்கள் எல்லோரும் அவருக்கு ஆச்சிதான். "நான் நிறுத்தமாட்டேன். இன்னும் கூட்டுவேன்."

"உங்க கொல்லையிலேருந்துதான் எங்க கொல்லைக்கு வருது, அப்பெக்."

"அப்படியானால் நீயும் கூட்டு."

அதோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் இல்லாமலே தொடங்கினோம். தினமும் காலையில் கத்தியும் வாளியுமாக இறங்குவேன். வாடின குருத்து ஒவ்வொன்றையும் வாட்டத்துக்குக் கீழே வெட்டி சோப்புத் தண்ணீரில் போடுவேன், வெயில் ஏறியதும் உலரவைத்து எரிப்பேன். முதல் வாரங்களில் செடி மொட்டையடித்த மாதிரி ஆகிவிட்டது. என் கணவர் ஆலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "புழு தின்னதைவிட நீ வெட்டினது ஜாஸ்தி," என்றார். ஆனால் வெட்டின இடத்தில் புதுத் துளிர் வந்தது. பூ பிடித்தது. பிஞ்சு இறங்கியது. நான் மூச்சு விட ஆரம்பித்த நேரத்தில், ஒரு சாயங்காலம், இலைக்கு அடியில் அந்த வெள்ளை அந்துப்பூச்சிகளைப் பார்த்தேன். சின்னது, இறக்கையில் பழுப்புத் திட்டு. மேற்குப் பக்க வரிசைகளில்தான் அதிகம். அந்த வரிசைகளுக்கு அடுத்தது ஓடை, அதைத் தாண்டினால் அப்பெக்கின் வேலி.

இரண்டு வாரத்தில் மேற்கு வரிசைக் குருத்துகள் எல்லாம் மறுபடி தொங்கின. குழாயடியில் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு வீட்டார் தூள் டின்னை மறுபடி வாங்கி வந்து வாசலில் வைத்தார்கள், நான் பார்க்க வேண்டும் என்றே.

நான் அப்பெக் வீட்டுக்கு மறுபடி போனேன். அதற்கப்புறமும் போனேன். என்னைப் பார்த்தாலே அவர் மனைவி கோப்பி கலக்கப் போய்விடுவார். அப்பெக் ஓடையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். "கோப்பியைக் குடித்துவிட்டுப் போ, ஆச்சி. பேச்சு வேண்டாம்," என்பார். நான் கோப்பியையும் குடித்தேன், பேசவும் பேசினேன். உள்ளுக்குள் எனக்கு நம்பிக்கை தேய்ந்துகொண்டிருந்தது. ஆனால் நான் நிறுத்தினால் வாசலில் வைத்த அந்தத் தூள் டின்கள் அன்றே திறக்கப்படும் என்பது தெரியும்.

அப்பெக்கின் காய்க்கும் பசாரில் பெயர் கெட்டது. மொத்தமாக வாங்குகிறவர் அவர் கண்முன்னாலேயே காயை ஒடித்துக் காட்டி, கூடையைத் திருப்பி அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன். அந்த மனிதர் அதைத் தாங்கமாட்டார். எங்கிருந்தோ ஒரு புது மருந்து வாங்கி வந்தார். தூள் இல்லை, திரவம். பூண்டு அழுகியது போல் ஒரு நெடி, ஓடைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. அதிகாரி ஏற்கனவே அந்த மாதிரி மருந்தைப் பற்றி எச்சரித்திருந்தார். கையில் பட்டாலே ஆகாது என்று. வேலியோரம் நின்று கத்தினேன். "முகத்தைக் கட்டிக்கங்க அப்பெக், சட்டை போட்டுக்கங்க!" அவர் கையை வீசி என்னைப் போகச் சொன்னார். முதுகில் பம்பு, வெறும் கால், கையில்லாத பனியன். காற்று அவர் பக்கமாகவே அடித்துக்கொண்டிருந்தது.

முற்பகல் ஆவதற்குள் அவர் மனைவியின் அலறல் கேட்டது.

ஓடையைத் தாண்டி ஓடினேன். அப்பெக் பாத்திக்கு நடுவில் கிடந்தார். வேர்வை ஆறாக ஊற்றியது, வாயில் எச்சில் வழிந்தது, கண்ணின் கறுப்பு ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கை கால் எல்லாம் துடித்தது. பம்பு வழிந்து முதுகெல்லாம் நனைந்திருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த நெடி அவர் மேல் இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. பனியனைக் கிழித்து எறிந்தோம். கிணற்றடிக்கு இழுத்துப்போய் நானும் அவர் மனைவியும் வாளி வாளியாக ஊற்றினோம், சோப்புப் போட்டுத் தேய்த்தோம். செட்டி அக்கா சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு சடக்குக்கு, தார் ரோட்டுக்கு, ஓடி, ஒரு ரிக்‌ஷாவை நிறுத்திக் கூட்டி வந்தார். அப்பெக்கை மடியில் சாய்த்துக்கொண்டு அவர் மனைவி ஏறிக்கொண்டார். நாங்கள் இருவரும் பின்னாலேயே நடந்தோம், ஓடினோம், ஆஸ்பத்திரி வரைக்கும்.

அவர் பிழைத்தார். உடனே கழுவியது நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் சொன்னாராம்.

சில நாள் கழித்து, அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார் என்று தெரிந்ததும் பார்க்கப் போனேன். கன்னம் ஒட்டியிருந்தது. கத்தரியைப் பற்றிப் பேசக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் போனேன். அவரே ஆரம்பித்தார்.

"என் கொல்லை எப்படி இருக்கிறது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "குருத்தெல்லாம் தொங்குது, அப்பெக்."

"அந்த மருந்துக்கும் சாகவில்லையா?"

"தண்டுக்குள்ள இருக்கறது சாகல."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாவற்றையும் பிடுங்கிவிடு," என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "எதை?"

"என் செடி முழுவதையும். வேரோடு. எரித்துவிடு. ஆனால் ஒன்று, ஆச்சி. உன் செடியையும் பிடுங்க வேண்டும். எல்லாருடையதையும். ஒரே நாளில். என் கொல்லை காலியாக இருக்க, உன் கொல்லையில் காய் தொங்கினால், புழு அங்கே உட்கார்ந்து என் நாற்றுக்காகக் காத்திருக்கும். நீ வெட்டுகிறாய், வெட்டுகிறாய். வேரோடு பிடுங்க உனக்கு மனம் வருமா?"

அவர் என்னைச் சோதிக்கவில்லை. நியாயத்தைத்தான் சொன்னார். ஆனால் என் கிழக்கு வரிசைகள் அப்போதுதான் நன்றாகக் காய்க்க ஆரம்பித்திருந்தன. அத்தனை மாதம் வெட்டிக் காப்பாற்றிய செடிகள். அந்த வாரம் பறிக்கலாம் என்றிருந்த காய்கள்.

"வரும்," என்றேன்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. என் கணவர் அதிர்ந்து பேசுகிறவர் அல்ல. அன்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். "காய்க்கிற செடியப் பிடுங்குவாங்களா யாராவது? அந்தாளு உயிரக் காப்பாத்தினியே, அது போதாதா? உன் பொழப்பையும் குடுக்கணுமா?"

"அவருக்காக இல்லீங்க. இத இப்பப் பிடுங்கலன்னா, அடுத்த வருஷம் புழுவே நம்மளப் பிடுங்கிப்புடும். நான் திரும்ப பால்வெட்டத்தான் போகணும்."

"போனா என்ன? எல்லாரும் போகலியா?"

"நான் போகமாட்டேன்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். வெகுநேரம் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆலைக்குப் போகவில்லை. எனக்கு முன்னால் கொல்லையில் இறங்கி முதல் செடியை அவர்தான் பிடுங்கினார்.

முதல் நாள் சாயங்காலமே அப்பெக் கேட்டதை நானும் அக்காவும் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்ததால், எல்லோரும் இறங்கினோம். வாசலில் தூள் டின் வைத்தவர்களும் இறங்கினார்கள். அப்பெக்கின் கொல்லைதான் பெரிது என்பதால் எங்களுடையதை முடித்துவிட்டு அங்கே போனோம். அவர் மனைவி கூடவே பிடுங்கினார். அழுதுகொண்டே பிடுங்கினார், ஆனால் யாரையும்விட வேகமாக. காய்ந்த சருகுகளுக்குள்தான் கூட்டுப்புழு இருக்கும் என்று அதிகாரி சொல்லியிருந்ததால், தரையைப் பெருக்கி அள்ளினோம். ஓடையோரம் பல இடங்களில் புகை எழுந்தது. என்னவோ ஏதோ என்று சடக்கில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். செட்டி அக்கா தன் சமையலறைக்குப் பின்னால் வளர்த்த செடிகளையும் தானே பிடுங்கிக்கொண்டு வந்து நெருப்பில் போட்டார். அந்தப் பருவக் குத்தகையை யாரிடமும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் கத்தரி இல்லாத மாதங்கள். பயித்தங்காய், கீரை, சர்க்கரைவள்ளி போட்டோம். வருமானம் மட்டுதான். மெர்டேக்கா வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது; கடைகளில் கொடித்துணி விற்றார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அணிவகுப்புப் பழகினார்கள். சுதந்திர நாளன்று காலையில் நாங்களும் புதுத்துணி உடுத்திக்கொண்டு கடற்கரைத் திடலுக்குப் போனோம். என் கணவர் எங்கள் மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். கூட்டம் கையை உயர்த்திக் கத்தியபோது நானும் கத்தினேன். தொண்டை கட்டிப்போகும் வரைக்கும். எனக்குத் தெரிந்த சுதந்திரம் காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் எந்த மண்டோரும் என் பெயரைக் கூப்பிடாமல் இருப்பது. அதை விடக் கூடாது என்று அந்தக் கூட்டத்தில் நின்றபடியே நினைத்துக்கொண்டேன்.

மெர்டேக்காவுக்கு அப்புறம்தான் மறுபடி கத்தரி நட்டோம். நடுவதற்கு முன்னால் எல்லோரையும் அக்கா வீட்டு முற்றத்தில் உட்காரவைத்தோம். அப்பெக் தடி ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். குருத்து வெட்டுவது, விழுந்த காயைப் புதைப்பது, எல்லோரும் ஒரே காலத்தில் நட்டு ஒரே காலத்தில் பிடுங்குவது: இதற்கெல்லாம் யாரும் மறுப்பு சொல்லவில்லை. தூள் என்று வந்தபோதுதான் சத்தம். அறவே வேண்டாம் என்றார்கள் சிலர். கையில் ஒன்றும் இல்லாமல் எப்படி என்றார்கள் சிலர்.

கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி சொன்னார்: "பூச்சி மீறிப் போனால் மட்டும், எல்லோரும் பேசி முடிவு செய்து, ஒரு தடவை போடுங்கள். அப்போதும் ஒவ்வொருவரும் ஒரு பாத்தியை விட்டுவிடுங்கள். அதில் தூளே படக்கூடாது, குருத்தும் வெட்டக்கூடாது."

"எதற்கு?" என்றார் அப்பெக்.

"சாதுப் புழு கொஞ்சம் பிழைக்கட்டும். முரட்டுப் பூச்சி முரட்டுப் பூச்சியோடு மட்டும் சேராமல் இருக்க."

முற்றமே சிரித்தது. புழுவைப் பிழைக்கவிடச் சொல்கிற அதிகாரியை அவர்கள் பார்த்ததில்லை. அப்பெக்கின் மனைவி, "நாம் புழுவுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டுமா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். "என் கொல்லையில் ஓடைப்பக்கப் பாத்தியை விடறேன். நல்ல பாத்தி அது, எல்லாருக்கும் தெரியும். மத்தவங்க மோசமான பாத்தியை விட்டுக்கங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல," என்றேன். அப்பெக் தடியால் தரையைத் தட்டினார். "நானும் நல்ல பாத்தியைத்தான் விடுவேன்," என்றார். ரோஷக்காரர்.

அந்தப் பாத்திக்குப் புழுப் பாத்தி என்றே பெயர் வந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் சொத்தைதான். காலையில் அதைக் கடந்து போகும்போது, கையில் கத்தி இருந்தும் வெட்டாமல் போவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

புழு ஒழிந்துபோகவில்லை. அப்படி ஒரு நாள் வரவே இல்லை. ஆனால் பசாரில் எங்கள் காயை ஒடித்துப் பார்த்துவிட்டுக் கூடையை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்தப் பருவம் தூள் ஒரே ஒரு தடவைதான் போட்டோம். சில பருவங்கள் கழித்து அதிகாரி மறுபடி இரண்டு டின்களைக் கேட்டு வாங்கி எங்கள் புழுக்களைத் தூளில் போட்டுப் பார்த்தார். இந்தத் தடவை பெரும்பாலானவை சுருண்டன; எல்லாம் இல்லை. "முரடர்கள் இன்னும் இருக்கிறார்கள், தங்காச்சி," என்றார். இருக்கட்டும், எண்ணிக்கையில் குறைந்தால் போதும் என்றேன்.

அப்பெக்குக்குக் கை நடுக்கம் கடைசி வரை போகவில்லை. பம்பை அவர் மறுபடி தொடவில்லை. ஆனால் குருத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நடுங்கும் கையால் எப்படி அவ்வளவு சுத்தமாக வெட்டினார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஓடைக்கு இரண்டு பக்கமும் வேலை செய்யும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், சட்டைப் பையில் பேனா செருகிய ஒருவர் மோட்டார் வண்டியில் வந்து இறங்கினார். புது மருந்து, பெயரே வாயில் நுழையவில்லை. ஒரு சொட்டு போதும், ஒரு பருவத்துக்குக் கவலை இல்லை, பாத்தியெல்லாம் விட வேண்டியதில்லை, குருத்தும் வெட்ட வேண்டியதில்லை என்றார். நன்றாகப் பேசினார். சிலர் கண்ணில் ஆசை தெரிந்தது. என் கண்ணிலும் தெரிந்திருக்கும், இடுப்பு வலியோடு தினம் குனிந்து வெட்டுகிறவளுக்கு ஆசை வராமல் இருக்குமா?

"எத்தனை வருஷத்துக்கு வேலை செய்யும்?" என்று கேட்டேன்.

அவர் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை. "அம்மா, போட்ட உடனே வேலை செய்யும்," என்றார்.

"அது தெரியும். எத்தனை வருஷத்துக்கு?"

அவர் சிரித்தார். டின்னின் விலையைச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அப்பெக்கைப் பார்த்தார்கள், செட்டி அக்காவைப் பார்த்தார்கள். பேசினோம், வாக்குவாதம் செய்தோம், மழை விட்டு மறுபடி பிடித்தது. கடைசியில், நல்ல மருந்தாக இருந்தால் அதைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் புத்தி என்று முடிவானது. எல்லோருக்குமாக ஒரே ஒரு டின் வாங்கினோம். அதை அக்கா வீட்டில் பூட்டி வைத்தோம். எல்லோரும் கூடிப் பேசாமல் யாரும் திறப்பதில்லை என்று. வந்தவருக்கு ஏமாற்றம்தான். வண்டியை எடுத்துக்கொண்டு சேற்றில் சறுக்கியபடி போனார். மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வெட்ட வேண்டிய வரிசைகள் இன்னும் பாக்கி இருந்தன. நான் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.